விவாகரத்துக்குப் பிறகு தாய்வீட்டில் விருந்தினர் இல்லம்: கும்பகோணத்தில் இரண்டு அறையில் தொடங்கும் முறை

நவக்கிரகக் கோயில்களைச் சுற்ற வரும் குடும்பத்துக்கு லாட்ஜ் அறை ஒத்துவருவதில்லை. பாட்டிக்கு மாடிப்படி ஏறக்கூடாது. கைக்குழந்தைக்குப் பால் காய்ச்ச வேண்டும். காலை நாலு மணிக்கு வெந்நீர் வேண்டும், ஈரப்புடவை உலர்த்த ஒரு கொடி வேண்டும். இதையெல்லாம் கும்பகோணத்து வீடு ஒன்று சுலபமாகத் தந்துவிடும். மணவாழ்க்கை முடிந்து பிள்ளையோடு தாய்வீடு திரும்பிய பெண்ணுக்கு, வெளியே வேலை தேடி அலையாமல் கைவசம் இருப்பதைக் கொண்டே பிழைக்க இது நல்ல வழி. ஆனால் இரண்டு விஷயங்களில் அவசரப்படக் கூடாது. ஒன்று, வீடு யாருடையது என்பது. இன்னொன்று, குடும்பத்துக்கும் விருந்தினருக்கும் நடுவே போடவேண்டிய கதவு. இவை சரியாக இல்லாத இடத்தில் ஏசி, பெயிண்ட் எல்லாம் போட்ட பிறகுதான் சண்டை வரும்.

முதலில் பத்திரம்

வீடு அப்பா சுயமாகச் சம்பாதித்ததென்றால் அவர் விருப்பம்போல் எழுதிக்கொடுக்கலாம். உயில் போதுமென்று இருந்துவிடாதீர்கள். உயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம், அவர் காலத்துக்குப் பிறகுதான் அது செல்லும். கடன் வாங்கிக் குளியலறை கட்டப் போகிறவருக்கு அது ஆதாரமாகாது. அவர் இருக்கும்போதே வீட்டை உங்கள் பெயருக்கு மாற்றும் செட்டில்மென்ட் பத்திரம் எழுதிப் பதிவு செய்துகொள்ளுங்கள். அப்பா அம்மா ஆயுள்வரை அங்கேயே வசிக்கும் உரிமையையும் அதிலேயே எழுதிவிடலாம். குடும்பத்தாருக்குள் எழுதும் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையில் சலுகை உண்டு.

பூர்வீக வீடென்றால் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு. தமிழ்நாட்டில் அப்போது திருமணமாகாதிருந்த மகள்களுக்கு 1989-லேயே இந்த உரிமை வந்துவிட்டது. 2005-ல் மத்திய அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி எல்லா மகள்களுக்கும் தந்தது. அந்தத் திருத்தம் வந்தபோது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பாகம் பிரிந்திருந்தால் மட்டும் அதைக் கலைக்க முடியாது. ஆனால் பங்கு இருப்பது வேறு, முழு வீட்டையும் வைத்துத் தொழில் நடத்துவது வேறு. அண்ணன் தம்பிகள் “நீ பாட்டுக்கு நடத்திக்கோ” என்று வாயால் சொல்வது, மாதம் முப்பதாயிரம் வரத் தொடங்கியதும் மறந்துபோகும். அவர்கள் மீது குற்றமில்லை, எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அவர்கள் பங்கை உங்களுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் வாங்குங்கள். அது முடியாவிட்டால் ஐந்து வருடத்துக்கோ பத்து வருடத்துக்கோ குத்தகைப் பத்திரம் போட்டு, ஆளுக்கு மாதம் ஒரு தொகை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆகவேண்டும், பதிவில்லாத தாள் நீதிமன்றத்தில் நிற்காது. முப்பது வருட வில்லங்கச் சான்றும் பட்டாவும் எடுத்து வைத்தால் வங்கி கேட்கும்போது அலையவேண்டாம்.

ஒட்டுமொத்த ஜீவனாம்சமாகப் பணம் வந்திருந்தால் அதிலிருந்து ஆறு மாதக் குடும்பச் செலவை முதலில் நிரந்தர வைப்பில் போட்டுவிடுங்கள். மீதியில்தான் தொழில். உங்கள் பெயரில் இல்லாத சுவருக்கு நகையை விற்றுப் பூச்சு போடாதீர்கள்.

முன்னாள் கணவரோடு சேர்ந்து வாங்கிய வீட்டுக்கடனில் உங்கள் பெயர் இன்னும் இருக்கிறதா என்றும் பாருங்கள். தீர்ப்பு வந்துவிட்டது என்பதற்காக வங்கி உங்களை விட்டுவிடாது. அவர் இரண்டு தவணை கட்டத் தவறினால் கடன் கட்டும் ஒழுங்கைக் காட்டும் உங்கள் சிபில் மதிப்பெண்தான் விழும், சிறுதொழிலுக்கான முத்ரா கடனுக்குப் போகும் அன்றுதான் அது தெரியவரும். கடனை அடைக்கவைத்தோ பெயரை நீக்கவைத்தோ வங்கியிடம் எழுத்தில் வாங்குங்கள். தீர்ப்பின் சான்றிட்ட நகல் நான்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும், இனிஷியல் மாறினாலும் கடன் மனு திரும்பிவிடும்.

நடுக்கதவு

திண்ணை, ரேழி (வாசலிலிருந்து கூடத்துக்குப் போகும் நடை), கூடம், இரண்டாம் கட்டு, கொல்லை என்று நீளும் வீடு இந்தத் தொழிலுக்கென்றே கட்டியது போல இருக்கும். ரேழியை ஒட்டிய அறையும் கூடத்தை ஒட்டிய அறையும் விருந்தினருக்கு. இரண்டாம் கட்டிலிருந்து பின்னால் உள்ளதெல்லாம் குடும்பத்துக்கு. நடுவே கனமான மரக்கதவு ஒன்று போட்டுத் தாழ்ப்பாளை உங்கள் பக்கம் வையுங்கள். சமையலறை உங்கள் பக்கமே இருக்கட்டும். காபி கொடுக்க இரண்டடிக்கு இரண்டடி ஜன்னல் ஒன்று கூடத்தைப் பார்த்துத் திறந்தால் போதும்.

பிள்ளைக்காகத்தான் முக்கியமாக இந்தக் கதவு. பிள்ளை யாரிடம் வளர்வது என்ற காவல் உரிமை வழக்கு நடந்துகொண்டிருந்தால், “வீட்டில் தினம் அந்நிய ஆட்கள்” என்ற வாதம் எதிர்த்தரப்பிலிருந்து வரக்கூடும். தனி வழி, தனிக் குளியலறை, பூட்டும் கதவு, ஒழுங்கான வருகைப் பதிவேடு இருந்தால் உங்கள் வக்கீல் அதைக் காட்டிப் பேசமுடியும். பிள்ளையைப் பெட்டி தூக்கவும் சாவி கொடுக்கவும் அனுப்பாதீர்கள். விளம்பரப் படங்களில் பிள்ளையின் முகம் வேண்டாம், பள்ளிச் சீருடை கொடியில் தொங்கும் படமும் வேண்டாம். பிள்ளை தன் அப்பாவைப் பார்க்கும் நாளென்று நீதிமன்றம் குறித்திருந்தால் அன்று முன்பதிவு எடுக்காமல் நாட்காட்டியில் அடைத்துவிடுங்கள். அந்த நாளில் உங்கள் மனதும் விருந்தினரிடம் இருக்காது.

வெந்நீர்க் கணக்கு

இந்த ஊரில் ஒரு விருந்தினர் இல்லத்தின் பெயர் கெடுவது பெரும்பாலும் காலை நாலரை மணிக்குத்தான். 15 லிட்டர் கீசர், 2 கிலோவாட் என்றால் சூடேறக் கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் பிடிக்கும். 60 டிகிரிக்கு வந்த தண்ணீரைப் பச்சைத் தண்ணீரோடு கலந்தால் குளிக்கிற பதத்தில் 20 லிட்டர் பக்கெட் இரண்டு கிடைக்கும். நாலு பேர் இருக்கும் அறையில் முதல் இருவர் குளித்ததும் இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். இதை முதல் நாள் இரவே சொல்லிவிட்டால் யாரும் கோபப்பட மாட்டார்கள். சொல்லாவிட்டால் அபிஷேகத்துக்கு நேரமாகிறதென்று கதவைத் தட்டுவார்கள். ஷவரைப் பெரிதாக எண்ணவேண்டாம், பக்கெட்டும் சொம்பும் வையுங்கள், தண்ணீரும் மிச்சம்.

இரண்டு கீசர், இரண்டு ஏசி ஒன்றாக ஓடினால் ஏழு கிலோவாட் ஆகிவிடும். பழைய ஒருமுனை இணைப்பு தாங்காது. மும்முனைக்கு மாறி, கீசருக்கும் ஏசிக்கும் தனித்தனி வயரும், சுமை மிஞ்சினால் தானே அணையும் எம்சிபி சுவிட்சும் போடச் சொல்லுங்கள். கீசருக்கு 2.5 சதுர மி.மீ. வயர், ஒன்றரை டன் ஏசிக்கு 4. குளியலறை லைனுக்கு மின்கசிவு வந்ததும் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம், எர்த் புதிதாக இறக்குவதும் கட்டாயம். இதில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். ஈரக்கையோடு சுவிட்ச் தொடுகிறவர் அடுத்தவர் வீட்டுக் குழந்தை. போர் தண்ணீரில் உப்பிருந்தால் கீசருக்குள் வெள்ளையாகப் படிந்துகொண்டே போகும். வருடம் ஒருமுறை திறந்து தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிக்கப்படும் ஆனோடு கம்பியைப் பார்த்து மாற்றாவிட்டால் தொட்டி ஓட்டை விழும்.

வீட்டு மின் இணைப்பில் வைத்தே ஓட்டிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். மின் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கேட்டு எந்தக் கட்டணம் என்று தெரிந்துகொண்டு மாறுங்கள். அனுமதியில்லாத பயன்பாடு என்று கண்டுபிடித்தால் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவின்படி இருமடங்குக் கட்டணம் போடுவார்கள். எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் பன்னிரண்டு மாதத்துக்குப் போடுவார்கள். சமையல் எரிவாயுவிலும் இதே கதைதான். 14.2 கிலோ வீட்டு சிலிண்டரில் விருந்தினருக்குச் சமைக்கக் கூடாது, 19 கிலோ வணிக சிலிண்டர் வாங்கவேண்டும்.

விருந்தினர் ஏழெட்டுப் பேர், வீட்டார் நாலு பேர் என்றால் நாளுக்கு 1,700 லிட்டர் தண்ணீர் ஆகும். மாடித் தொட்டி 2,000 லிட்டருக்குக் குறையக் கூடாது. குளியலறைகளில் ஒன்றிலாவது மேற்கத்தியக் கழிப்பறையும் பக்கத்துச் சுவரில் பிடிகம்பியும் இருக்கட்டும். முழங்கால் வலிக்காரர் இல்லாத யாத்திரைக் குடும்பம் அபூர்வம்.

மஞ்சள், குங்குமம், எண்ணெய்

ஒரு கட்டிலுக்கு மூன்று செட் விரிப்பு: ஒன்று கட்டிலில், ஒன்று துவைக்க, ஒன்று அலமாரியில். கரூரில் நேரடியாக வாங்கினால் விலை குறையும். இரட்டைக் கட்டிலுக்கு 90-க்கு 108 அங்குலம் எடுங்கள், அதைவிடச் சின்னது மெத்தைக்கடியில் செருக எட்டாது. விரிப்பு வெள்ளையாக இருக்கலாம், துண்டு வெள்ளையாக இருக்கக் கூடாது. சந்தனமும் குங்குமமும் விபூதியும் பூசிய நெற்றியைத் துடைப்பது அதில்தான். அரக்கு நிறம் நல்லது. தலையணைக்கு உள்ளுறை ஒன்று, வெளியுறை ஒன்று, இல்லையென்றால் தலைக்கெண்ணெய் பஞ்சுவரை இறங்கி மூன்றே மாதத்தில் சிக்கு வாடை வரும்.

மஞ்சள் கறை பட்ட விரிப்பில் சோப்புப் போட்டதும் அது ரத்தச் சிவப்பாக மாறும். புதிதாக வேலைக்கு வந்த பெண் பயந்துபோய் ப்ளீச்சை ஊற்றுவார், துணி நைந்துவிடும். சோப்பின் காரத்தில் மஞ்சள் சிவப்பாவது இயல்பு. நன்றாக அலசினால் மறுபடி மஞ்சளாகும். அதை மொட்டைமாடியில் கடுவெயிலில் விரித்துக் காயவிடுங்கள். இரண்டு மூன்று வெயிலில் கறை தானே வெளுத்துவிடும். நிழலில் காயவிட்டால் போகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இது நடக்காது என்பதால் அந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு செட் வேண்டும்.

காலைப் பலகாரம்

மதியச் சாப்பாடும் இரவுச் சாப்பாடும் தொடக்கத்தில் வேண்டவே வேண்டாம். காலை மட்டும் போதும். ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து அரைத்தால் ஐம்பது இட்லிக்குக் குறையாது. ஏழு பேருக்கு ஆளுக்கு நாலு என்றால் 28, மீதி மாவு மறுநாள் தோசைக்கு. கோடையில் ராத்திரி முழுக்க மாவை வெளியே வைத்தால் விடிவதற்குள் பொங்கிப் புளித்துவிடும். பகல் மூன்று மணிக்கு அரைத்து, பொங்கியதும் ஒன்பது மணிக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

இட்லிக்குக் கடப்பா என்ற பருப்புக் குழம்பு செய்யுங்கள். ஊர்ப் பலகாரம் என்பதால் வெளியூர்க்காரர் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். ஏழு பேருக்குப் பாசிப்பருப்பு 150 கிராம், உருளைக்கிழங்கு 300 கிராம், தேங்காய் அரை மூடி. அதில் வெங்காயமும் பூண்டும் விழும், எனவே முதல் நாள் இரவே “வெங்காயம், பூண்டு சேர்ப்பீங்களா?” என்று கேட்டுவிடுங்கள். சேர்க்காதவர்களுக்குத் தேங்காய்ச் சட்னி. காபிக்கு ஏழு பேருக்கு 70 கிராம் பொடி, 600 மில்லி கொதிநீர். வடிய அரைமணிக்கு மேல் ஆகும் என்பதால் நாலு மணிக்குக் கேட்பவர்களுக்கு முதல் நாள் இரவே டிகாக்‌ஷன் போட்டு மூடி வைக்கவேண்டும்.

வாசலில் பேசுவது

“வீட்டுக்காரர் என்ன பண்றாருங்க?” என்ற கேள்வி முதல் அரைமணி நேரத்தில் வந்துவிடும். பெரும்பாலும் பாட்டிகள்தான் கேட்பார்கள், கெட்ட எண்ணத்தில் அல்ல. பொய் சொல்லத் தேவையில்லை, கதை சொல்லவும் தேவையில்லை. “இது எங்க அம்மா வீடுங்க. நானும் அம்மாவும்தான் பார்த்துக்கறோம். காபிக்குச் சர்க்கரை கம்மியாப் போடட்டுங்களா?” என்றால் பேச்சு காபிக்குப் போய்விடும். இதை நாலைந்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். முதல் விருந்தினர் முன் தொண்டை அடைக்கும், பத்தாவது ஆள் முன் அடைக்காது.

குடும்பங்களுக்கு மட்டும், மது கூடாது, இரவு பத்துக்கு வாசல் கதவு சாத்தப்படும் என்ற மூன்றையும் முன்பதிவின்போதே எழுத்தில் அனுப்புங்கள். வந்திறங்கிய பிறகு சொன்னால் சண்டை. சிசிடிவி தெருவாசலுக்கும் ரேழிக்கும் மட்டும், துணி காயும் மாடிப்பக்கம் திருப்பாதீர்கள். பதிவேட்டில் எல்லார் பெயரும், முகவரியும், கைபேசி எண்ணும், வண்டி எண்ணும் இருக்கவேண்டும். ஆதார் நகல் தருபவர்களிடம் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கேளுங்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தங்கினால், அவர் நம் ஊர்த் தமிழராகவே இருந்தாலும், 24 மணி நேரத்துக்குள் இணையவழியில் வெளிநாட்டவர் தங்கல் படிவம் (முன்பு ‘படிவம் சி’ எனப்பட்டது) பதிய வேண்டும். மலேசியா, சிங்கப்பூர், இலங்கையிலிருந்து வரும் சொந்தங்களுக்கு இதை விட்டுவிட்டு மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. முன்னாள் கணவரால் தொல்லை இருந்தால் 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் பாதுகாப்பு ஆணை நகலை வாசல் அலமாரியில் வையுங்கள். பெண்கள் உதவி எண் 181, அவசர உதவி எண் 112 இரண்டும் அம்மாவின் போனிலும் இருக்கட்டும்.

டிரைவரை மறக்காதீர்கள். வேன் ஓட்டி வந்தவருக்குத் திண்ணையில் மின்விசிறி, கொசுவலை, ஒரு பாய், குளிக்க ஒரு குழாய், காலையில் அதே இட்லி. அடுத்த குடும்பத்தை உங்கள் வாசலில் கொண்டுவந்து இறக்குவது அவர்தான், எந்த இணையதளமும் அவ்வளவு செய்யாது.

சென்னையிலிருந்து ராத்திரி வண்டி உழவனில் வருபவர்கள் விடியற்காலையில் வந்து நிற்பார்கள், அறை பதினொரு மணிக்குத்தான் காலியாகும். இவர்களுக்கென்று கொல்லைப்பக்கத்துப் பழைய குளியலறையைச் சரிசெய்து, பையைப் பூட்டி வைக்க ஒரு பீரோவும் கொடுங்கள். குளித்துவிட்டு ஆலங்குடியோ திருநாகேஸ்வரமோ போய்வந்துவிடுவார்கள்.

அனுமதியும் வரியும்

மாநகராட்சியில் தொழில் உரிமம், சுற்றுலாத் துறையில் பதிவு, உணவுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு. சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இணையத்தில் இலவசம், இடைத்தரகருக்குப் பணம் கொடுக்காதீர்கள். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் படுக்கை-சிற்றுண்டித் திட்டத்தில் ஒன்று முதல் ஆறு அறைவரை பதியலாம், உரிமையாளர் குடும்பம் அதே வீட்டில் வசிக்கவேண்டும். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் என்றால் ஜிஎஸ்டி பதிவு வேண்டாம். பதிவில்லாதவர்களுக்கு இணையதளம் வழியாக வரும் அறை வாடகைக்கான வரியை அந்தத் தளமே கட்டிவிடும்.

பணம்

இரண்டு அறைக்கு ஒரு மாதிரிக் கணக்கு: இணைந்த குளியலறை இரண்டு 1,80,000, ஏசி 80,000, வயரிங் 60,000, கட்டில் மெத்தை 50,000, துணி 20,000, தொட்டி, குழாய் 10,000. மொத்தம் நாலு லட்சம். 2025-26 மத்திய பட்ஜெட்டில் ஹோம்ஸ்டேகளுக்கும் முத்ரா கடன் என்று அறிவித்தார்கள். ஐந்து லட்சம்வரை ‘கிஷோர்’ பிரிவு. 11 சதவீத வட்டியில் ஐந்து வருடத்துக்குத் தவணை சுமார் 8,700.

வாடகை 1,800 என்று வைத்து, ஒவ்வொரு அறையும் மாதம் 12 இரவு நிறைந்தால் வரவு 43,200. செலவு: உதவியாள் சம்பளம் 7,000, மின்சாரம் 6,000, பலகாரம் 3,600, முன்பதிவு இணையதளத்தின் கமிஷன் 3,240, பழுதுக்கு ஒதுக்கீடு 3,000, சலவை 1,440, இணையம் 700. தவணையும் போக நிற்பது 9,500. இதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. 18 இரவு நிறைந்தால் அதே வீடு 25,000 தரும், ஏனென்றால் சம்பளமும் தவணையும் கூடுவதில்லை. 12-லிருந்து 18-க்குப் போக ஒரு வருடமாவது ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வருடத்தைத் தாண்டத்தான் வைப்பில் போட்ட ஆறு மாதப் பணமும் மாதாந்திர ஜீவனாம்சமும்.

தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு, தனி யுபிஐ அட்டை. ஜீவனாம்ச வழக்கு நடக்கும்போது இருதரப்பும் வருமானத்தையும் சொத்தையும் பிரமாணப் பத்திரமாகத் தரவேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் வகுத்திருக்கிறது. ஜீவனாம்சத் தொகையைப் பின்னால் மாற்றச் சொல்லியும் மனுப் போடமுடியும். கையில் கணக்கு இல்லாவிட்டால் எதிர்த்தரப்பு 43,200-ஐ உங்கள் சம்பளம் என்று காட்டும். செலவு ரசீது இருந்தால்தான் 9,500 என்று நீங்கள் காட்டமுடியும். தினம் ராத்திரி படுக்கப்போகும் முன் பத்து நிமிடம் நோட்டில் எழுதுங்கள்.

மூன்றாவது அறை

தொடர்ந்து மூன்று மாதம், மாதத்துக்குப் பத்து நாளாவது இடமில்லையென்று திருப்பி அனுப்பினால் மூன்றாவது அறையை யோசியுங்கள். முகூர்த்த மாதங்களும் குருப்பெயர்ச்சியும் பள்ளி விடுமுறையும் மட்டும் நிறைவதை வைத்து முடிவெடுக்க வேண்டாம், கல்யாணம் இல்லாத ஆடியில் கூட்டம் எப்படி என்று ஒரு வருடம் பாருங்கள். 2028 மாசியில் மகாமகம் வருகிறது. ஊரே அறை கட்டும், வங்கியும் கடன் தரும். அந்தக் கூட்டம் சில நாளுக்கு, தவணை அறுபது மாதத்துக்கு. அந்த நாட்களுக்குக் கூடத்தில் நாலு மெத்தை கூடுதலாகப் போட்டு, கொல்லையில் இன்னொரு குழாய் வைத்துக்கொண்டால் போதும்.